அர்த்தம் அச்சாகாத பேரு

ஆமா தம்பி, தாய்மாமன் நான்தான், இந்தத் தட்டுல இருக்கிற கம்மலும் பட்டுப் பாவாடையும் நான் கொண்டாந்ததுதான். மருமக காதுகுத்துக்கு வந்த மாமன் கோயில் பந்தலுக்குள்ள போகாம ஏன் வேப்பமரத்தடியில ஒத்தையா உக்காந்திருக்கான்னு நீங்க கேக்குறதும் நியாயந்தான். இந்த ஊர்க்காரங்க யாரும் அதக் கேக்க மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்குத் தெரியும். நீங்க மாப்பிள்ளையோட ஆபீஸ்காரரு, கோயமுத்தூர்ல இருந்து வந்திருக்கீங்க, உங்களுக்குச் சொல்லணும்னா பேரு வச்ச நாள்ல இருந்து வரணும். ஆசாரியும் இன்னும் வரல. அந்தக் கல்லுல உக்காருங்க, எறும்பு இருக்கான்னு பாத்துக்கிட்டு.

என் தங்கச்சி செம்பகத்துக்குக் கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு, ரெண்டு தடவ தங்காம போனதுக்கு அப்புறம் பொறந்த புள்ள இது. பொறந்தது ஆயில்ய நட்சத்திரம். ஆயில்யத்துல பொண்ணு பொறந்தா அதோட மாமியாருக்கு ஆகாதும்பாங்க, ஆனா என் தங்கச்சி மாமியா அதப் பெருசா எடுத்துக்கல, அது இருபத்தஞ்சு வருசம் கழிச்சு எவளோ ஒருத்திக்கு வரப்போற கவலைன்னு விட்டுட்டாங்க. சிக்கல் எழுத்துல வந்துச்சு. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ, இதுல ஒண்ணுலதான் பேரு ஆரம்பிக்கணும்னு ஜோசியர் சொல்லிட்டாரு. நீங்களே சொல்லுங்க, டி-ல நம்மகிட்ட என்ன இருக்கு? டிபன் இருக்கு, டிக்கெட் இருக்கு, டீ இருக்கு. புள்ளைக்கு வைக்க ஒண்ணும் இல்ல.

குடும்பத்துல நான்தான் படிச்சவன். படிச்சவன்னா பகல்ல பாத்திரக் கடை, சாயங்காலம் நைட் ஸ்கூலு, அப்படிப் பத்தாவது பாஸ் பண்ணவன். கடையில என் வேலை பேரு வெட்டுறது. கல்யாணம், சடங்கு, புதுவீடு எதுக்கு எவர்சில்வர் வாங்கினாலும் அதுல குடுக்கிறவங்க பேர வெட்டித்தான் குடுப்பாங்க, இருபத்தாறு வருசமா இந்த ஊர்ல எந்தக் குடத்துல எந்தப் பேரு இருந்தாலும் அது இந்தக் கை வெட்டுனது, அதனால எனக்கே பேருவெட்டின்னு பேராகிப்போச்சு. பேரு விசயம்தானே, இவனே பாக்கட்டும்னு என் தலையில கட்டிட்டாங்க.

நானும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். டி-ல பேரு வேணும்னு கேட்டதும் அங்க இருக்கிற பொண்ணு என்னத்தையோ தட்டுச்சு, கெல்டிக் குழந்தைப் பெயர்களும் அர்த்தங்களும்னு நீளமா ஒரு பட்டியல் வந்துச்சு. கெல்டிக்னா யாரும்மான்னு கேட்டேன். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் அந்தப் பக்கத்து ஆளுங்கண்ணே, வருசம் பூரா மழை பேயுற ஊரு அப்படின்னுச்சு. ஸ்கிரீன்ல நாலஞ்சு படிச்சுப் பாத்தேன். ஐடன்னா சின்னத் தீ, ஓஷீன்னா மான்குட்டி, டிலான்னா கடலோட மகன், ரியான்னா சின்ன ராசா. நம்ம பரோட்டாக் கடைக்காரர் மகன் பேரும் ரியான்தான், அவரு சும்மா சத்தம் நல்லாருக்குன்னு வச்சாரு, ஆனா அவங்க வீட்ல பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே அவன் ராசாதான். பரவால்லையே, மழை ஊர்க்காரன் ரசனையானவன்னு நெனச்சுக்கிட்டு, கடைக்கு நேரமாச்சுன்னு டி வர்ற பொம்பளைப் புள்ளைங்க பக்கத்த மட்டும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

வீட்ல வந்து பிரிச்சா, பட்டியல் அகலம், பேப்பர் குறுகல். இடது பக்கம் பேரெல்லாம் சுத்தமா வந்திருக்கு, வலது பக்கம் அர்த்தம் ஒண்ணுகூட வரல. அர்த்தம் மிஷினுக்குள்ளயே நின்னு போச்சு.

திரும்பப் போயிருக்கணும். போகல. தப்புன்னா அதுதான் தப்பு, மத்ததெல்லாம் அதுக்குப் பொறந்ததுங்க. பேப்பர்ல மூணு பேருதான் தேறுச்சு. டெவோர்கில்லான்னு ஒண்ணு, இது மூட்டுவலித் தைலம் மாதிரி இருக்குன்னு மாமியா தள்ளிட்டாங்க. ட்வின்வென்னு ஒண்ணு, அதச் சொல்ல முன்பல்லு வேணும், எங்க வீட்ல பாதிப் பேருக்கு அது கெடையாது. மூணாவது டீர்ட்ரா. சொல்லிப் பாத்தோம், நாக்கு ஒரு தடவ மடங்கி நிமிந்துச்சு, சுருக்கி டீரான்னும் கூப்பிடலாம், செம்பகத்துக்கும் புடிச்சுப் போச்சு. ஏம்ப்பா, இதுக்கு என்ன அர்த்தம்னு மாமியா கேட்டாங்க. கடையில நிக்கிறவனுக்குத் தெரியாதுன்னு சொல்லிப் பழக்கமில்ல தம்பி. விடியக்கால வெளிச்சம்னு சொல்லிட்டேன். எல்லாரும் அடடான்னாங்க.

முப்பதாம் நாள் தொட்டில்ல போட்டு, தாய்மாமன் முறைக்கு நான் குனிஞ்சு வலது காதுல டீர்ட்ரா, டீர்ட்ரா, டீர்ட்ரான்னு மூணு தடவ சொன்னேன். புள்ள என்னையப் பாத்துச்சு, சரி, இனி நான் பாத்துக்கிறேங்கிற மாதிரி. அப்புறம் மாமியா தொட்டில்ல இருந்து புள்ளையத் தூக்குனாங்க, தூக்குனவங்க புருசன் செத்தப்பவே கண்ணு கலங்காம பந்திக்கு எல எண்ணுன பொம்பள, தேம்பித் தேம்பி அழுகுறாங்க. எங்கக்கா எனக்குப் பாதிச் சடை பின்னும்போதே அவளக் கூட்டிட்டுப் போக வண்டி வந்துருச்சே, மீதிச் சடைய யாரும் பின்னலையேன்னு, அறுபது வருசத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு அன்னைக்கு அழுதாங்க. சாம்பிராணிப் புகைன்னு நெனச்சோம். ஜோசியர் வாங்குனாரு, அவரு அழுதாரு. ஜோசியர் கையில இருந்து மாப்பிள்ளை வாங்குனாரு, அவரு அழுதாரு. போட்டோக்காரர் போஸ் சொல்லித் தர்றதுக்காகத் தூக்குனாரு, கேமராவ ஸ்டாண்டுல விட்டுட்டு சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னு அழுதாரு. சாம்பார் ஆறிப்போச்சு. அந்த ஆல்பத்த இப்பப் பாத்தாலும் சாவு விழுந்த துட்டி வீட்ல ஏன் எல்லாரும் பட்டு உடுத்தியிருக்காங்கன்னு கேப்பீங்க.

புள்ள மட்டும் அழல. அன்னைக்கும் அழல, அப்புறமும் அழல. யாரு தூக்குனாலும் அவங்க மொகத்தையே கண் கொட்டாம பாத்துக்கிட்டிருக்கும், சொல்லு சொல்லு, கேக்குறேங்கிற மாதிரி. கீழ விட்டா அழுகை அந்த நிமிசமே நின்னுரும், மூக்கச் சிந்திட்டு நம்ம வேலையப் பாக்கப் போகலாம்.

எங்க ஊரு ஒண்ணும் இதுக்கு மெரண்டுரல. ஒரு வாரம் பேசுனாங்க, ரெண்டாவது வாரம் வர ஆரம்பிச்சாங்க. மொதல்ல வந்தவரு ஏட்டு. அவங்கப்பா செத்து பதினாலு வருசமா அழணும்னு நெனச்சு, ட்யூட்டி மாத்தி ட்யூட்டி வந்து, அழ நேரமில்லாமலே போன மனுசன், தொப்பியக் கழட்டி முட்டியில வச்சிட்டு பதினோரு நிமிசம் அழுதாரு, எந்திரிச்சு மொகத்தக் கழுவிட்டுப் போனாரு, அன்னைக்குப் பூரா ஹெல்மெட் போடாத ஒருத்தர்மேலயும் கேசு எழுதல. அப்புறம் மருந்துக் கடைக்காரர், அப்புறம் புருசன் துபாய்ல இருக்கிற ரெண்டு பொம்பளைங்க, அப்புறம் ஒரே சுவத்துக்காக ஏழு வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்ச அண்ணந்தம்பி ரெண்டு பேரு. அவங்க தெரியாம ஒரே நேரத்துல வந்துட்டாங்க, அண்ணன் அழுதுட்டுப் புள்ளைய தம்பிகிட்டக் குடுத்தான், தம்பி அழுதுட்டு அண்ணன்கிட்டக் குடுத்தான், மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க, கடைசியில செம்பகம்தான், போதும், புள்ளைக்குப் பசிக்கும்னு புடுங்கிக்கிட்டா.

கூட்டம் கூடக் கூடத் தெருவே ஒழுங்கு பண்ணிக்கிச்சு. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒரு அட்டையில எழுதி மாட்டுனாரு. ஆளுக்கு அஞ்சு நிமிசம்தான், புள்ள தூங்கும்போது யாரும் வரக்கூடாது, துண்டு அவங்கவங்க கொண்டாரணும், ஒருத்தர் எதுக்கு அழுதாருன்னு இன்னொருத்தர் கேக்கக்கூடாது, துட்டிக்குப் போறவங்க முன்கூட்டியே இங்க வந்து அழுது பழகிட்டுப் போகக்கூடாது. கடைசி விதி எதுக்குன்னா, ஒரு கவுன்சிலர் அப்படித்தான் வந்து நின்னாரு. அவருதான் அப்புறம் தன் பேரனுக்கு டிலான்னு பேரு வச்சுப் பாத்தாரு, கடலோட மகனாச்சே, வீட்டு போர்வெல்ல தண்ணி வரும்னு. போர்ல தண்ணி வரல, புள்ளைக்கு மூக்குலதான் வந்துச்சு. எதிர் டீக்கடையில அழுதுட்டு வர்றவங்களுக்குன்னே உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி வச்சாங்க. பஜார்ல சண்டை கொறைஞ்சுச்சு. டாக்டர் தூக்க மாத்திரை எழுதுறது கொறைஞ்சு போச்சுன்னு மருந்துக் கடைக்காரர் ஒரு தடவ கூடுதலா வந்து அழுதாரு.

ஊருக்கெல்லாம் ஆறுதல்தான் தம்பி. ஆனா ஊருக்கு அஞ்சு நிமிசம், பெத்தவளுக்கு நாள் பூரா. அவ பால் குடுக்கும்போது அழுகணும், குளிப்பாட்டும்போது அழுகணும், இடுப்புல வச்சு ரசம் தாளிக்கும்போது அழுகணும், மாப்பிள்ளை சாப்பாட்டுல உப்பு ஏறுதுன்னு ஒரு வார்த்தை சொல்லாம சாப்ட்டாரு, அது அவரோட நல்ல குணம். மூணாவது மாசம் நான் போயிருந்தப்ப செம்பகம் புள்ளையத் தரையில பாய் விரிச்சுப் போட்டுட்டு ரெண்டடி தள்ளி உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா. என்னம்மா தூக்காம உக்காந்திருக்கேன்னு கேட்டேன்.

"எல்லாரும் புள்ளையத் தூக்கி மொகத்தப் பாப்பாங்கண்ணே," அப்படின்னா. "நான் மொகத்தப் பாக்கணும்னா கீழ போட வேண்டியிருக்கு. தூக்குனா எல்லாம் கலங்கலாத் தெரியுது. ஒம்பது வருசம் காத்துக்கிடந்து பெத்தேன், எம்புள்ள மொகத்தக் கிட்டத்துல, கண்ணுல தண்ணி இல்லாம, ஒரு தடவ பாத்தாப் போதும்ணே எனக்கு." அப்புறம் கேட்டா, "விடியக்கால வெளிச்சம்னுதான சொன்ன? வெளிச்சம் இப்படியாண்ணே இருக்கும்?"

நான் நேரா பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்தப் பொண்ணு பட்டியலத் தேடி எடுத்துச்சு, டீர்ட்ராவுக்கு நேரா வெரல வச்சு வலது பக்கமா நகத்திக்கிட்டே போனேன். சோகம்னு போட்டிருந்துச்சு. வேற ஒண்ணும் போடல, அந்த ஒரு வார்த்தைதான். மழை ஊர்க்காரன் சோகத்துக்கும் ஒரு பேரு வச்சு, அதத் தன் புள்ளைக்கும் வச்சிருக்கான், அவன் நெஞ்சுத் துணிச்சல்காரன். என் தங்கச்சியக் கேக்காம அவ புள்ளைக்கு அத வச்ச நான் என்னன்னு எனக்குத் தெரியல.

திரும்பி வந்து உள்ளதச் சொன்னேன். பிரிண்ட் வராததச் சொன்னேன், வெளிச்சம்னு நானாச் சொன்னதையும் சொன்னேன். செம்பகம் கத்தல. "இதுக்கு ரெண்டாந்தடவ நடந்து போயிருந்தா உனக்கு எம்புட்டு நேரம்ணே ஆகியிருக்கும்?" அப்படின்னு கேட்டா. பத்து நிமிசம்னேன். அவ்வளவுதான், அன்னைக்கு நிப்பாட்டுனவதான், எட்டு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அந்தப் பேரையும் அவ வாயால சொல்றதில்ல, பாப்பா பாப்பான்னுதான். நான் வீட்டுக்குப் போனா புள்ளைய எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவா. ஊரே தூக்கி அழுத புள்ளைய, பேரு வச்ச மாமன் நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவ தூக்குனதில்ல. தொட்டில்ல குனிஞ்சு சொன்னதோட சரி.

காதுகுத்து அன்னைக்குப் பேர மாத்திரணும்னு செம்பகம் முடிவு பண்ணிட்டா. இந்தக் கோயில் பூசாரிகிட்டக் கேட்டிருக்காங்க. வச்ச வாய்தான் எடுக்கணும், வேற வாய் சொன்னா புள்ள திரும்பிக்கூடப் பாக்காதுன்னு அவரு சொல்லிட்டாரு. அதுக்குச் செம்பகம், அந்த வாய் எனக்கு வேண்டாம், சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்துங்க, அவனே வேற பேரச் சொல்லட்டும்னு சொல்லிட்டா. அவன் பேரு சண்முகவேல், உள்ள பந்தல்ல மணையில உக்காந்திருக்கான் பாருங்க, வெள்ளச் சட்டை. நல்ல பையன். நல்லாத்தான் உக்காந்திருக்கான்.

விசயம் தெரிஞ்சதும் ஊரு வந்துச்சு என் கடைக்கு. வியாபாரிகள் சங்கத்துத் தங்கப்பாண்டி அண்ணாச்சி தலைமையில எட்டுப் பேரு. "பேருவெட்டி, எந்தக் காரணத்தக்கொண்டும் பேர மட்டும் மாத்திராதப்பா. ஊரே உன் வாய நம்பித்தான் இருக்கு," அப்படின்னாரு.

"இருபத்தாறு வருசமா என் கையத்தான் நம்புவீங்க, வாய நம்புறது இதான் மொதத் தடவ அண்ணாச்சி," அப்படின்னேன்.

"சிரிக்காதடே. எனக்கு இன்னும் எங்கம்மா பாக்கி இருக்கா. போன வாரந்தான் எங்கப்பாவ அழுது முடிச்சேன்."

அவரு பொய் சொல்லல. நான் கடையில உக்காந்து போற வர்ற மொகத்தயெல்லாம் பாக்குறவன், எனக்கு ஒண்ணு தெரிஞ்சுச்சு. மொதத் தடவ பதினோரு நிமிசம் அழுத ஏட்டு ரெண்டாந்தடவ நாலு நிமிசம்தான் அழுதாரு, மூணாந்தடவ ஒரு நிமிசம், அதுவும் ஸ்கூல்ல தொலைஞ்ச குடைக்காக. உள்ள இருக்கிறது மேல இருந்து கீழ எறங்கிக்கிட்டே போகுது, கொறைஞ்சுக்கிட்டும் வருது. ஆனா ஆளுக்கு அஞ்சு நிமிசத்துல யாரும் அடியத் தொட்டதில்ல.

அண்ணாச்சிகிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னேன், அவ எங்கிட்டக் கேட்டான்னா நான் எடுத்துருவேன், நீங்க அத்தன பேரும் இனிமே பிளாஸ்டிக் குடமே வாங்கினாலும் சரின்னு. கேக்கணும்ல. அவ கேக்கவே இல்ல, நான் எங்க போயி எடுக்க?

முந்தாநாள் காய்கறிக்கார அக்கா வந்தாங்க, போதும்பொண்ணு. அவங்க வீட்ல அஞ்சாவது பொண்ணு, இதோட பொண்ணு போதும் சாமின்னு வச்ச பேரு. தக்காளிக் கூடைய எறக்கி வச்சுட்டுக் கேட்டாங்க, "உந்தங்கச்சி வீட்டுக்குப் போயி நாலு வார்த்தை சொல்லிட்டு வந்தேன், என்ன சொன்னேன்னு கேளு."

"என்னக்கா சொன்னீங்க?"

"எனக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சே வச்சாக. அறுபத்திரெண்டு வருசமா ரேசன் கடையில, ஆஸ்பத்திரியில, எவனாவது என்னையக் கூப்பிட்டான்னா, நீ வேண்டாம்னு ஊருக்கே கேக்கச் சொல்றான். உங்கண்ணன் தெரியாம வச்சான். தெரியாம வச்சவன்கிட்ட நீ பேசாம இருக்க, தெரிஞ்சு வச்ச எங்கப்பன் சாகுற வரைக்கும் நான் கஞ்சி ஊத்துனேன்டின்னு சொன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? புள்ள இடுப்புல இருந்துச்சு, அழுதுக்கிட்டிருந்தா. நானும் கொஞ்சம் வாங்கி அழுதுட்டு வந்தேன். தக்காளி வேணுமா?"

நேத்து மாப்பிள்ளை வந்தாரு, பந்தலுக்கு அண்டா கேக்குறதுக்கு. வந்தவரு அண்டாவத் தட்டிப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "மச்சான், ஒரு விசயம். செம்பகம் கொறைஞ்சிருக்கா."

மெலிஞ்சுட்டாளான்னு கேட்டேன். அதில்ல மச்சான், அழுகைன்னாரு. மொத மாசமெல்லாம் தங்காம போன ரெண்டு புள்ளைகளுக்கு அழுதாளாம், அப்புறம் கல்யாணத்துல வாங்குன பேச்சுகளுக்கு, அப்புறம் எங்க ரெண்டு பேரையும் பெத்த அம்மாவுக்கு, அப்புறம் ஸ்கூல நிப்பாட்டுனதுக்கு. போன மாசம் ஆறாவதுல ஒடைஞ்ச ஜியாமெட்ரி பாக்சுக்கு, போன வாரம் அஞ்சு வயசுல வித்த வெள்ளாட்டுக் குட்டிக்கு. அதுக்கப்புறம் ரெண்டு நாளா புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டே சும்மா நடக்குறா, திடீர்னு கொஞ்சம் வருது, உடனே நின்னுருது. "ஒண்ணே ஒண்ணுதான் மச்சான் பாக்கி இருக்கு போல. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. ஆனா ஜன்னல்ல நின்னு உங்க பாத்திரக் கடை இருக்கிற பக்கமாப் பாத்துத்தான் அழுகுறா," அப்படின்னுட்டு அண்டாவத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

அதனாலதான் தம்பி, யாரும் கூப்பிடாம, தட்டோட வந்து உக்காந்திருக்கேன். உள்ள போகல, ஏன்னா அவ வீட்டு விசேசம், அவ கூப்பிடாம போகக்கூடாது. எந்திரிச்சும் போகல, ஏன்னா...

ஆசாரி வந்துட்டாரு போல. மேளம் எடுத்துட்டாங்க. நீங்க போறதுன்னாப் போங்க, முன்னால எடம் கெடைக்காது. சண்முகவேல் என்ன மணைய விட்டு எந்திரிக்கிறான்? அங்க யாரு வர்றா, பச்சைச் சேலை... செம்பகமா அது? இந்தப் பக்கமாவா வர்றா? புள்ள இடுப்புலதான இருக்கு? கொஞ்சம் தள்ளிக்கோங்க தம்பி, வெயில் அடிக்குது, சரியாத் தெரியல. கண்ணு வீங்கியிருக்கு அவளுக்கு, ராத்திரி பூரா அழுதிருப்பா போல. ஆனா இப்ப இல்ல. பாருங்க, புள்ள இடுப்புல இருக்கு, கண்ணு காஞ்சிருக்கு. புள்ள மொகத்தையே பாத்துக்கிட்டு வர்றா, ஏய் பாத்து வாம்மா, கல்லு கெடக்கு, கீழயும் பாத்து வா.

"ஏண்ணே, மேளச் சத்தம் கேக்கலையா உனக்கு? ஆசாரி காத்துக்கிட்டிருக்காரு, எந்திரிச்சு வா. டீர்ட்ராவுக்கு மடி வேணும்."

என்ன பேரச் சொன்னா தம்பி? நீங்களும் கேட்டீங்கள்ல? அந்தப் பேரத்தான சொன்னா?

வாரேம்மா. இந்தா, வந்துட்டேன்.